சாச்சா செவிடரான நாள்

எங்கள் சாச்சாவுக்குக் காது கேட்காது என்பது கட்டுகஸ்தோட்டையில் பலருக்குத் தெரியாது; அவரும் தெரியவிடமாட்டார். வாப்பாவின் தம்பியான அவர், பெரிய யுத்தத்தின்போது பஸராவுக்குப் போன பட்டாளத்தில் லொறி ஓட்டியவர். பக்கத்தில் ஒரு வெடிமருந்துக் கொட்டகை வெடித்ததில் இரண்டு காதுகளும் போய்விட்டன. ஊர் திரும்பியவர் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். வாப்பாவின் புடவைக் கடையில் யார் வந்து சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் சரியான சீத்தைத் துணியை எடுத்துப் போடுவார். மீசை அடர்ந்தவர்களை மட்டும் வாப்பாவிடம் தள்ளிவிடுவார். மீசைக்காரர்களோடு அவருக்கு ஏதோ பகை என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவருடைய காதுக்குள் சீழ் பிடித்தது. தலை சுற்றிக் கடை ஏணியிலிருந்து விழுந்தார். வலி வரும்போது அவர் சுவரில் தலையை முட்டிக்கொள்வதை நான் பார்த்துவிடக் கூடாதென்று உம்மா கதவைச் சாத்துவார். நாட்டு வைத்தியம் பார்த்த பரிகாரியின் எண்ணெய் ஒன்றும் பலிக்கவில்லை. கொழும்பில் காதை அறுத்துச் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். அதற்கு வாப்பாவிடம் வசதியில்லை.

அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் இருந்தார். அவர்தான் வழி சொன்னார்.

"யுத்தத்திலை போன காதெண்டால் வைத்தியம் பாக்கிறது பட்டாளத்தின்ரை பொறுப்பு. மாசாமாசம் உதவியும் குடுக்க வேணும். நான் எழுதுறன்."

எழுதினார். பதில் வராதபோதும் எழுதிக்கொண்டேயிருந்தார். கடைசியில், கண்டியில் ஒரு வெள்ளைக்கார டொக்டர் பரிசோதிப்பார், வரவும் என்று அழைப்பு வந்தது.

கிளம்புமுன் வாப்பா சாச்சாவின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். "டொக்டர் பின்னால என்ன செஞ்சாலும் திரும்பிப் பாக்க வாணாம். கேக்காதுண்டு தெரிஞ்சாத்தான் வைத்தியம் கெடைக்கும். வெளங்கிச்சா?"

சாச்சா தலையாட்டினார். என் வாயசைவு அவருக்கு நன்றாக விளங்கும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்; இங்கிலீஷ் பேசக் கிளாக்கர் ஐயாவும் வந்தார்.

பரிசோதனை நடந்தது பலகைத் தரை போட்ட ஒரு பழைய பங்களாவில். டொக்டர் காதுகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு சாச்சாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஓசைப்படாமல் பின்னால் போய் ஒரு தடித்த புத்தகத்தைத் தரையில் போட்டார்.

சாச்சா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

டொக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். கிளாக்கர் ஐயாவின் முகம் தொங்கிப் போயிற்று. "ஆளுக்குக் கேக்குதாம். நடிக்கிறாராம்" என்றார் மெதுவாக. வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாச்சாக்குக் கேக்கல்ல! கால்லதான் தெரியும்! கூப்பிடணும்ண்டா நான் பலகையில மிதிப்பேன், அவரு திரும்புவாரு!"

கிளாக்கர் ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். ஒருமுறை மட்டுமல்ல, கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னார். டொக்டர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே புல்தரைக்கு அழைத்துப்போனார். அங்கே சாச்சாவுக்குப் பின்னால் நின்று தகர வாளி ஒன்றைக் கம்பியால் ஓங்கி அடித்தார். மரத்திலிருந்த காகங்கள் கலைந்து பறந்தன. வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் பயந்து நிமிர்ந்தார். சாச்சா எதிரே தெரிந்த ஹந்தானை மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் போய் அவர் தோளில் கை வைத்தார். அப்போதுதான் சாச்சா திரும்பினார்.

பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம். வாப்பா எனக்கு மஸ்கட் இனிப்பு வாங்கித் தந்திருந்தார். "சொல்லியும் ஏன்டா திரும்பினாய்?" என்று சாச்சாவிடம் கேட்டார்.

"மறந்திட்டேன், நானா" என்றார் தன் அண்ணனிடம்.

நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன்.

கொழும்பில் காதை அறுத்தார்கள். சீழ் வற்றியது, தலைசுற்றல் நின்றது. சாச்சா தேறி, முன்போலக் கடையில் நின்றார். உதவிப் பணமும் வரத் தொடங்கியது. கிளாக்கர் ஐயா தன் வெற்றியைப் பஸார் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். அவருக்கு அதற்கு உரிமை உண்டு. முழுச் செவிடு என்று துரையே எழுதிக் கொடுத்த கதையை மீன்காரர் முதல் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின் வரை எல்லோரும் கேட்டறிந்தார்கள்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் சாச்சாவிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். நேற்றுவரை அவரோடு பேரம் பேசியவர்கள்கூட, அவர் எதிரில் நிற்கும்போதே என்னைத் தேடினார்கள். "மகள், சாச்சாக்கிட்ட சொல்லு, ரெண்டு கஜம் வெள்ளப் பொப்ளின் வேணுமாம்ண்டு."

பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய்க் கடை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். வந்தவர்கள் கேட்பதை சாச்சாவின் பக்கம் திரும்பி, வாயை அகலமாக அசைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன். சாச்சா பொறுமையாக என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை துணியை எடுக்கமாட்டார். அவர் கை மட்டும் நான் தொடங்கும்போதே சரியான கட்டின்மேல் இருக்கும்.

நான் இல்லாவிட்டால் சாச்சா என்ன செய்வாரோ என்று எனக்கு அப்போது ஒரே கவலை.