புத்தூர்க் கலியாணமும் புதுக் கொய்லும்

போன புதன்கிழமை புத்தூரில் ஒரு கலியாணம் என்னால் நின்றுபோகப் பார்த்தது.

பயப்படாதீர்கள் – நான் மாப்பிள்ளை அல்ல, நொத்தாரிசு. வயது ஐம்பத்தாறு. இரண்டு முழங்காலிலும் வாதம். ஏறி ஓடுவதற்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இவை எல்லாமே பழகிப்போன சங்கதிகள். முழங்காலைப் பற்றி இந்த வாரம் எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான்.

களைப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சீதன உறுதி, அதாவது பெண்ணுக்குக் கொடுக்கிற காணி வீட்டுக்கான பத்திரம், எழுதி முடியாமல் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. நொத்தாரிசு நேரில் போக வேண்டும். சாட்சிகளுக்கு முன்னால் உறுதியை உரத்து வாசிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேளம், மந்திரம் எல்லாம். முதல் நாளே எழுதி முடிக்கிறவர்கள் உண்டு. சபையில் எல்லாரும் பார்க்க எழுதினால்தான் எழுத்து என்கிறவர்களும் உண்டு. புத்தூர் மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாவது ரகம்.

பெண்ணின் தாய் விதவை. இருப்பது ஒரு வீடு, ஒரு புகையிலைத் தோட்டம், ஒரே மகள். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போயின. மூன்று வாரத்துக்கு முன் அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்:

“ஐயா, இதுவும் குழம்பினால் பேந்து என்ரை பிள்ளையை ஒருத்தரும் கேட்டு வராயினம். நேரத்துக்கு வந்திடுங்கோ. முகூர்த்தம் ஒன்பதரையோடை முடியுது.”

“வாறன் அம்மா. யோசியாதேங்கோ,” என்றேன்.

அந்த வாக்கை நான் நம்பிக் கொடுத்தது என்னையல்ல. புதிதாகப் பூட்டிய கொய்லை.

கொய்ல் என்றால்? பற்றறியில் சோம்பிக் கிடக்கும் மின்சாரத்தை உதைத்து எழுப்பி, பிளக்கில் தீப்பொறியாகப் பாய வைக்கிற சாமான். தீப்பொறி இல்லையென்றால் பெற்றோல் எரியாது, சைக்கிள் ஓடாது. என் சைக்கிளோடு கூடவந்த கொய்லுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூன்று மைல் ஓடியதும் சூடேறி நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப ஓடும்.

ஐந்து வருடம் அதோடு சீவித்தேன். உரும்பிராயிலிருந்து பருத்தித்துறை வரை எந்த மரத்து நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். நீர்வேலி வாழைத்தோட்டக்காரர்கள் என்னைக் கண்டால் செம்பில் தண்ணீர் கொண்டுவருவார்கள். நான் நிற்பேன் என்று அவர்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

மருதனார்மடத்தில் கராஜ் வைத்திருக்கிற செல்லத்துரை கடைசியில் கையை விரித்துவிட்டார்.

“ஐயா, உதுக்கு இனி வைத்தியம் இல்லை. உள்ளுக்குச் சுத்தின கம்பி சூடேற விட்டுப்போகுது, ஆறப் பிடிக்குது. புதுசு போடவேணும்.”

“புதுசுக்கு எங்கை போறது? ஐரோப்பாவிலை சண்டை தொடங்கினாப் பிறகு கப்பலே ஒழுங்கா வருகுதில்லை.”

“கப்பல் ஏன்? சாவகச்சேரியிலை ஒரு புது மோட்டார் சைக்கிள் பனையோடை மோதிக் கிடக்கு. ஓடினவர் தப்பீட்டார். கொய்லும் தப்பீட்டுது. கழட்டிக்கொண்டு வந்து உங்கடையிலை பூட்டுவம்.”

பூட்டுவம் என்று சொன்னது சுகம். பழைய கொய்ல் மரவள்ளிக் கிழங்கு மாதிரி மொத்தம். புதிது மெலிந்தது, நீண்டது. பழைய இடத்தில் அது நிற்காது. செல்லத்துரை மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு பட்டி வெட்டி, பெற்றோல் தாங்கிக்குக் கீழே சரிவாகக் கட்டினார். தடித்த வயரை மேலே செருகினார். இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டு, “உடம்பு பழசு, கொய்ல் புதுசு. மெல்லப் பழக்குங்கோ,” என்றார்.

இப்படி முழங்காலுக்கு ஏதாவது... மன்னிக்கவும். எழுதுவதில்லை என்று சொன்னேன்.

ஆனால் அந்தச் சைக்கிள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. பருத்தித்துறைக்கு ஒரு மூச்சில் போய், ஒரு மூச்சில் வந்தேன். நீர்வேலியில் செம்போடு ரோட்டுக்கு வந்தவர் அப்படியே நின்றார். “ஐயாவுக்கு எங்களோடை என்ன கோவம், நிக்காமல் போறார்?” என்று பிறகு ஆள் அனுப்பிக் கேட்டாராம்.

இந்தச் சந்தோஷம் ஐப்பசி வரைக்கும்தான். மழை தொடங்கியதும் சைக்கிள் திரும்ப நிற்கத் தொடங்கியது.

நின்ற விதம்தான் விசித்திரம். சந்தைக்குப் போனால் நிற்காது. மழையில் நனைந்துகொண்டு போனாலும் நிற்காது. கோட்டுக்கு முக்கியமான வழக்குக்குப் போனால் – நிற்கும். சாகக் கிடக்கிற ஒரு கிழவரின் சொத்துக்கு மரணசாதனம் எழுத விழுந்தடித்து ஓடினால் – கட்டாயம் நிற்கும். செல்லத்துரையிடம் காட்டப் போனால்? ஒரு நாளும் நிற்காது. மத்தியான வெயிலில் அவர் கராஜ் முற்றத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பது போல உறுமும்.

“ஒரு பிழையும் இல்லை ஐயா,” என்பார் செல்லத்துரை. பிளக்கை மாற்றினார். வயரை மாற்றினார். பற்றறியைக் கழற்றித் தண்ணீர் விட்டார். கொய்லையும் ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

அவசரமான நாள் பார்த்துத்தான் எல்லாம் பழுதாகிறது என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போனேன். அவர் சனி என்றார். சனி கோட்டுக்குப் போகும்போது மட்டும் ஏன் பின்சீற்றில் ஏறுகிறது என்று அவருக்கும் விளங்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வெளிக்கிட்டுவிட்டேன். புத்தூர் எவ்வளவு தூரம்? இருபது நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். உறுதிப் பை தோளில். நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் வெளுத்த சால்வை.

கோப்பாய் தாண்டத் தூறல் பிடித்தது. நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் இரண்டு தரம் தும்மியது. நின்றது.

உதைத்தேன். இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். இல்லை. பெற்றோல் இருக்கிறதா? இருக்கிறது. பற்றறி? லாம்பு எரிகிறது. திரும்ப உதைத்தேன். முழங்காலுக்குள் ஏதோ நெரிந்தது. எட்டரையும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டி நிறைய வாழையிலை. வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, புத்தூர்க் கலியாண வீட்டுக்கோ? இலை அங்கைதான் போகுது. ஏறுங்கோ.”

“உங்கடை மாடு எத்தினை மணிக்குப் போய்ச் சேரும்?”

“சாப்பாட்டுக்கு முந்திப் போயிடும்.”

தாலிக்கு முந்திப் போகுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரே வருகிற ஆரிடமாவது சைக்கிள் வாங்கி மிதிப்போம் என்று காத்து நின்றேன். மழைக்கு ஒரு குருவி கூட வரவில்லை. வண்டி மெதுவாகத் தூரத்தில் மறைந்தது. அந்த அம்மா வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது என் கண்ணுக்குள் நின்றது. எனக்கு அழுகை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

கண்ணும் எரிந்தது. நெற்றித் திருநீறு மழையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியிருந்தது. சால்வையால் துடைத்துக்கொண்டு குனிந்தேன். தாங்கிக்குக் கீழே பார்த்தால்... கொய்லும் என்னைப் போலவே நின்றது. அதன் தலையிலிருந்தும் வெள்ளையாகத் திருநீறு கரைந்து, தடித்த வயரின் அடியிலிருந்து இரும்புப் பட்டி வரைக்கும் ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

கொய்லுக்கு ஆர் திருநீறு பூசியது?

ஆர் என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் வீட்டில் நெற்பெட்டிக்கு மூன்று குறி இருக்கிறது. தையல் மெசினுக்கு இருக்கிறது. உறுதிகள் வைக்கிற அலுமாரிக்கு இருக்கிறது. எல்லாம் என் மனைவியின் கை. கொய்லில் அதை நான் முன்பும் கண்டிருக்கிறேன், செல்லத்துரையும் கண்டிருக்கிறார். நெற்றியில் திருநீறு கிடப்பதை ஆர் கவனிப்பார்? கவனித்தாலும் எந்தச் சைவன் அதில் கை வைத்துத் துடைப்பான்? செல்லத்துரை ஏன் கையை எடுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

காய்ந்த திருநீற்றால் ஒரு கெடுதியும் இல்லை. நனைந்தால் அது மின்சாரத்துக்கு வாய்க்கால். பிளக்குக்குப் போகவேண்டிய பொறி அந்த வெள்ளைக் கோட்டால் இறங்கி இரும்புக்குள் போய்விடும். சந்தைக்குப் போகிற நாளில் அவள் பூசுவதில்லை. முக்கியமான பயணம் என்றால்தான், முதல் நாள் விளக்கு வைத்த கையோடு குழைத்துப் பூசுவாள். எவ்வளவு முக்கியமோ அவ்வளவு தடிப்பு. சனீஸ்வரனை நான் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

கை போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த மழைக்குள் ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். பிறகு “சிவ சிவா” என்று சொல்லி, சால்வைத் தலைப்பால் ஒரு துளி விடாமல் துடைத்தேன்.

ஒரே உதை. பிடித்தது.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கலியாண வீட்டுக்குள் போனேன். வண்டிக்காரரை வழியில் முந்தியிருந்தேன். பெரியப்பா முற்றத்தில் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பி நின்றார் – புறப்படுகிற எழும்பல்.

“உறுதி வராத இடத்திலை எங்களுக்கு என்ன வேலை எண்டு இப்பதான் கதைச்சனாங்கள்,” என்றார்.

“இருங்கோ. வாசிக்கிறன்,” என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

வடக்கு எல்லை, தெற்கு எல்லை, வான்பயிர், வளர்பயிர், கிணற்றில் பங்கு, வாய்க்காலில் பங்கு... முப்பது வருடத்தில் இவ்வளவு வேகமாக நான் எல்லை வாசித்ததில்லை. ஐயர் என் வாயையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா கையெழுத்து வைத்தார். என் தலையிலிருந்து ஒரு துளி தண்ணீர் உறுதியின் மூலையில் விழுந்தது. ஒற்றினேன். சாட்சிகள் வைத்தார்கள். நான் வைத்தேன்.

ஒன்பது இருபத்தேழுக்குக் கெட்டிமேளம்.

அம்மா என்னிடம் வந்து இரண்டு கையையும் கூப்பினார். முகூர்த்தம் முடிய மூன்று நிமிஷம். அந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்கும் என் கொய்லுக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு வந்தேன். கடும் வார்த்தைகள். நொத்தாரிசு பாஷையில், பந்தி பந்தியாக. வாசல் படலையடியில் என் மனைவி நின்றாள்.

“தாலி ஏறிச்சுதோ?”

“ஏறிச்சுது.”

“அப்பாடா,” என்று நெஞ்சில் கை வைத்தாள். “தகப்பனில்லாத பிள்ளை எண்டு நேற்று கொஞ்சம் கூடவே பூசினனான். உங்களுக்கு ஒருக்கா, அந்தப் பிள்ளைக்கு ஒருக்கா.”

இரண்டு வருடத்துக்கு முன் கோப்பாய் வளைவில் நான் விழுந்து, கதவுப் பலகையில் கிடத்தி என்னைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து நான் சைக்கிளில் போய் வரும் வரைக்கும் அவள் சோறு தின்பதில்லை. அவளுக்குத் தெரிந்த காவல் அந்தத் திருநீறு ஒன்றுதான். பாடமாக்கிய பந்திகளை விழுங்கிவிட்டேன்.

“இஞ்சரும், இனி முன் லாம்பிலை பூசும். கொய்ல் உள்ளுக்கை ஒளிச்சுக் கிடக்கு. லாம்பெண்டால் வடிவாத் தெரியும்,” என்றேன்.

“ஓம், அதுவும் சரிதான்,” என்றாள்.

இந்த வெள்ளிக்கிழமை கோட்டில் ஒரு வழக்கு. காலையில் பார்த்தேன். லாம்பு நிறைய மூன்று குறி, நடுவில் சந்தனப் பொட்டு. அப்படியே குனிந்து தாங்கிக்குக் கீழேயும் பார்த்தேன். கொய்லிலும் இருந்தது. கேட்டால், “இவ்வளவு நாளும் காப்பாத்தினதை ஒரேயடியா விடலாமோ?” என்றாள்.

ஒழுங்கையால் ரோட்டுக்குத் திரும்பி, அவள் கண்ணுக்கு மறைந்ததும் சைக்கிளை நிறுத்தினேன். சிவ சிவா என்று துடைத்தேன். லாம்பில் இருந்ததைத் தொடவில்லை. துடைப்பதற்கென்று உறுதிப் பைக்குள் ஒரு துண்டுத் துணி இப்போது எப்போதும் இருக்கிறது. முக்கியமான நாட்களில் அவள் பூசுவாள்; நான் துடைப்பேன்; சைக்கிள் ஓடும்.

என் மனைவி இந்தப் பத்தியை வாசிப்பதில்லை – வாசிக்கிற நீங்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.