எலீசியோவின் பிறந்த நேரம்

கோயா ஊரின் ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடம் தந்தி அடித்தவள் எர்மிந்தா. ஊரார் மரியாதையாக 'டோன்யா' என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஜாதகம் கணிக்க உட்கார்ந்தாள். நிமிடம் பிசகினால் லக்கினமே பிசகும் என்று, வந்தவர்களைப் பிறந்த நேரம் கேட்டே வறுத்தெடுப்பாள். சாவை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

பூமியின் அந்தத் தென்பாதியில் குளிர்காலமான ஜூலையில் ஒரு நாள், ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்தபோது எலீசியோ வந்தான். டிராக்டர் மெக்கானிக். நாற்பது வயதில் கல்யாணம். நல்ல நாள் குறிக்க வேண்டும்.

"அதிகாலை நாலு நாப்பது, டோன்யா எர்மிந்தா. அம்மா ஜெபப் புத்தகத்துல எழுதியே வச்சிருக்காங்க."

வட்டம் போட்டு லக்கினத்தையும் வானத்தின் உச்சிப் புள்ளியையும் குறித்தாள். எட்டாம் வீட்டில் சந்திரன். சனியும் செவ்வாயும் செங்கோணத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தன. வருடங்களை எண்ணிப் பார்த்தாள். மூன்று முறை கூட்டினாள்; மூன்று முறையும் அதே விடை. நாலு வயதில், தண்ணீரில் சாவு. எதிரே அவன் சாவகாசமாக மாத்தே மூலிகைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்ன டோன்யா, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க? பொண்ணு ஓடிருவாளா?"

"சின்ன வயசுல தண்ணியில விழுந்தியா?"

சிரிப்பு நின்றது. "விழல. ஆனா கனவு வரும். தலைக்கு மேல தண்ணி. யாரோ எலீசியோன்னு கூப்பிடுவாங்க. நான் திரும்பவே மாட்டேன். அது என்னைக் கூப்பிடலன்னு தெரியும்."

எர்மிந்தா பென்சிலைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா."

தாய் சுலேமா கறுப்புச் சால்வையோடு வந்தாள். எர்மிந்தா கணக்கைச் சொல்லி முடிக்குமுன்பே வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது மூத்தவன். ஏரியில போயிட்டான். அப்ப நாங்க இருந்த காட்டுலேர்ந்து டவுனுக்குப் போக ரெண்டு நாள் ஆவும், சாவை எங்க போய் எழுதறது? ஆறு மாசத்துல இவன் பொறந்தான். பேரு இருந்துச்சு, சர்டிபிகேட் இருந்துச்சு. இவனுக்கே வச்சுட்டோம்."

"எனக்கு நாலரை வயசு கம்மியா? அதான் பட்டாளத்துல எனக்கு மட்டும் மீசை மொளைக்கலயா?" என்றான் எலீசியோ. யாரும் சிரிக்கவில்லை. "அப்போ என்னோட நேரம் என்னம்மா?"

"மழை பெஞ்சுது. மாடு கத்துச்சு. வேற ஞாபகம் இல்ல, மகனே."

தாளை எர்மிந்தா மடிக்கப் போனாள். சுலேமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க டோன்யா. அவன் இருந்திருந்தா என்னவா ஆயிருப்பான்? அதையும் படிங்க."

எர்மிந்தா படித்தாள். குரல் நல்லா இருந்திருக்கும், கோபம் சட்டென்று வந்து சட்டென்று போகும், இருபத்தெட்டில் வெளியூர் போயிருப்பான் என்று, உயிரோடு இருப்பவனுக்குச் சொல்வதுபோலவே ஒவ்வொரு வீடாகச் சொன்னாள். வெயில் இறங்கியது. இன்னொருவன் ஜாதகத்துக்கு எலீசியோ அசையாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் நாள் பார்க்காமலே கல்யாணம் நடந்தது. சுலேமா விருந்தாளிகள் ஒவ்வொருவரிடமும் மாப்பிள்ளையைக் காட்டி, "இவன் என் ரெண்டாவது பையன்," என்றாள். ஒரே பையனாச்சே, கிழவிக்கு வயசாகிவிட்டது என்று சனங்கள் நினைத்துக்கொண்டார்கள். எலீசியோ திருத்தவில்லை.