புறம் பேச அனுமதி பெற்றவர்

அந்த ஆய்வு மையத்தில் யாரைப் பற்றியும் யாரும் முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் ஆதாரம். விதிவிலக்குகளை எழுதியவரும் அவரே.

ஆதாரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இஸ்லாமிய அறநெறிக்கான ஆய்விதழின் ஆசிரியராக உட்கார்ந்த நாளிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது அது. மழை வரும்போல இருக்கிறது என்று வாசல் காவலாளி சொன்னால்கூடக் கேட்பார். காவலாளி வானத்தைக் காட்டுவார். ஆதாரம் குடையைத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டுப் போய், நனைந்துகொண்டு வருவார்.

இளமையில் அவர் செய்த ஆய்வு, நபிமொழியைக் கேட்டு அடுத்தவருக்குச் சொன்ன அறிவிப்பாளர்களின் தரம் பற்றியது. நபிமொழிகளைச் சலித்தெடுத்த பழைய அறிஞர்கள், ஒரு செய்தியை யாரிடமிருந்து யார் கேட்டார் என்று சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிடித்துப் பார்த்தவர்கள். இவர் பொய் பேசுவாரா, அவருக்கு மறதி உண்டா என்று ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்துக் குறையைக் குறை என்று சொல்ல வேண்டியிருந்தது. புறம் பேசுவது செத்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்குச் சமம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால் நடுங்கிக்கொண்டே செய்தார்கள். ஆதாரம் அவர்களுடைய வேலையைக் கற்றுக்கொண்டார். நடுக்கத்தை நூலகத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அநீதிக்கு ஆளானவர் முறையிடலாம். கல்யாணத்துக்கோ வேலைக்கோ ஆலோசனை கேட்டால் உள்ளதைச் சொல்லலாம். கெடுதல் வருமென்றால் எச்சரிக்கலாம். புறம் பேசுவதில் இப்படிச் சில சலுகைகள் உண்டு. ஒருவரைப் பற்றி வாயைத் திறக்கும் முன், இதில் எதில் ஏறிக்கொள்ளலாம் என்று பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவரைப் போல ஆதாரம் ஒரு கணம் காத்திருப்பார். ஏதாவது ஒன்று வந்துவிடும்.

"பையன் எப்படி சார்?" என்று பெண் வீட்டார் கேட்க வருவார்கள்.

"தங்கமான பையன். தொழுகை உண்டு. பெத்தவங்களை நல்லா பாத்துக்கறான். ஆனா, நீங்க கேக்குறது கல்யாண விஷயம். மறைச்சா எனக்குப் பாவம் பாருங்க..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு இரண்டு சுற்றுத் தேநீர் ஓடும். வந்தவர்கள் வேறு பையனைத் தேடப் போவார்கள். கடமையை முடித்த களைப்போடு ஆதாரம் கதவைச் சாத்துவார். தன் வாயால் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. அது உண்மையும்கூட. ஊரில் பாதிப் பேருடைய குறைகளை அவர் துளிப் பொய் கலக்காமல் பரப்பியிருந்தார்.

'கைப்பேசிக் காலத்தில் நாவடக்கம்' என்று அவர் வாசித்த கட்டுரைக்கு மூன்று மாநாடுகளில் எழுந்து நின்று கைதட்டினார்கள். சரிபார்க்காத செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவன் பொய்யனின் கூட்டாளி என்று முழங்கும் இடத்தில் அவருக்கே தொண்டை அடைக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் தேநீர் மேசைக்கு வந்து, மேடையில் தனக்கு முன்னால் பேசியவருடைய ஆய்வின் தரம் பற்றிச் சக அறிஞர்களை எச்சரிப்பார். எச்சரிக்கை சலுகையில் வருகிறது.

இப்படிப்பட்டவர் மனைவியோடு புனிதப் பயணம் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை விமானம். தனக்குச் செய்த குறைகளை இறைவன் மன்னித்துவிடுவான். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதரே மன்னித்தால்தான் உண்டு. அதனால் பயணம் போகிறவர்கள் முன்பெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பார்கள். இப்போது கைப்பேசி அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்துவிட்டது. ஆதாரம் எழுதினார்: 'அறிந்தோ அறியாமலோ, சொல்லாலோ செயலாலோ தங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் பொருத்தருள வேண்டுகிறேன்.' எழுத்துப்பிழை பார்த்தார். 'பொறுத்தருள' என்று திருத்தினார். தொடர்பில் உள்ள அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார். கழுவிய கையைத் துண்டில் துடைத்ததைப் போல இருந்தது.

பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கைப்பேசியும் கூவியது.

"என்னங்க, எனக்கும் வந்திருக்கு?"

"எல்லாருக்கும் போட்டேன். நீயும் அதுல இருக்கே."

"சிலிண்டர் போடுற கேஸ்காரனுக்கும் எனக்கும் ஒரே மன்னிப்பா?"

"வார்த்தை ஒண்ணுதான். மனசுல வெச்ச நிய்யத் வேற வேற."

"அப்ப என் பதிலையும் நிய்யத்துல வெச்சிருக்கேன். அந்த வெள்ளைத் துணியை எடுத்துக் குடுங்க."

பதில்கள் மளமளவென்று வந்தன. கை கூப்பும் படங்கள், பூங்கொத்துகள், எங்களுக்காகவும் கையேந்தி துஆ செய்யுங்கள் என்ற வேண்டுகோள்கள். கேஸ்காரர் பெரிய மனது பண்ணி மன்னித்திருந்தார். நடுவில் ஒரு பதில் மட்டும் முள்ளாக நின்றது. ஆய்விதழில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் உதவியாசிரியை எழுதியிருந்தாள்: 'பயணம் நல்லபடியா அமையட்டும் சார். எதுக்காக மன்னிக்கணும்னு சொல்லுங்க, பார்க்கலாம்.'

ஆதாரம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். எதுக்காக என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். போன வாரம் துறைத்தலைவர் ஆதாரத்தைத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளை எப்படி என்று கேட்டார். வேலைக்கான ஆலோசனை, கேட்டால் சொல்லலாம். ஆதாரம் ஏறிக்கொண்டார். "கெட்டிக்காரப் பொண்ணு. உழைப்பாளி. ஆனா, கேட்டுட்டீங்க, மறைக்கக் கூடாது. கட்டுரையெல்லாம் அவங்களே எழுதறதில்லைன்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு இருக்கு. நான் பார்க்கல. பேச்சு இருக்கு, அவ்வளவுதான்." அதிலும் பொய் இல்லை. பேச்சு இருக்கத்தான் செய்தது.

அன்று பிற்பகலே பள்ளிவாசலுக்குப் போனார். இமாம் அவரைவிட இருபது வயது இளையவர்; கை கால் கழுவும் இடத்தில் ஒழுகுகிற குழாயைப் பிளம்பர் கழற்ற, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னார் என்று சொல்லாமல் ஆதாரம் விஷயத்தைச் சொன்னார்.

"சொன்னா அவங்க மனசு நோகும்னா சொல்லவே வேண்டாம், அவங்களுக்காக துஆ செஞ்சா போதும்னு ஒரு கருத்து இருக்கில்லையா?" என்று கேட்டார். கருத்துக்குப் பக்க எண் வரைக்கும் அவரிடம் இருந்தது.

"இருக்குங்க. நல்ல கருத்து. நோகப் போறது அவங்க மனசா, உங்க மூஞ்சியா?"

"ரெண்டும்தான்னு வெச்சுக்கங்க."

"சார், அவங்களுக்குத் தெரியாம இருந்தா அந்தக் கருத்து. அவங்கதான் என்னன்னு கேட்டுட்டாங்களே. அதோட உங்க பேச்சால அவங்க பொழப்பு இன்னும் கெட்டுக்கிட்டிருக்கு. இது பழைய காயம் இல்ல, இன்னும் ஓடுற ரத்தம்." பிளம்பரிடம் திரும்பி, "வாசர் மாத்துங்கண்ணே, இறுக்கினா மட்டும் நிக்காது" என்றார்.

குழாயைப் பற்றித்தான் சொன்னார். ஆனாலும் ஆதாரத்துக்கு அந்த இடத்தில் அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் மையத்துக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு வெளிச்சம் வந்தது. நான் கேட்டதைத்தானே சொன்னேன்? கிளப்பிவிட்டவன் ஒருவன் இருப்பானே! அவனைக் கண்டுபிடித்து, 'இவன்தானம்மா மூலம், நான் வெறும் இடைக்கண்ணி' என்று அந்தப் பெண்ணின் முன் நிறுத்திவிட்டால் பாவத்தில் பெரும்பங்கு அவன் தலையில். சங்கிலியைப் பிடித்துப் போவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதலில் கணக்காளர். ஆதாரத்திடம் சொன்னவர் அவர்தான்.

"யாரோ சொன்னாங்க சார்... ஆங், நம்ம லைப்ரரியன்."

நூலகர் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். "நானா? நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லல. கணக்காளர்கிட்ட மட்டும்தான். அதுவும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் சொன்னேன்."

"உங்ககிட்ட சொன்னது யாரு?"

"டிசைனர்."

பக்கம் வடிவமைக்கிறவன் மூலையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆதாரத்தின் நடையில் இப்போது ஒரு மிடுக்கு. காட்டில் கடைசிப் புதரை வளைத்த வேட்டைக்காரரைப் போல அவன் மேசைமேல் கையூன்றி, "நம்ம உதவியாசிரியையோட கட்டுரை பத்தி ஒரு பேச்சு ஓடுதே, அதை உனக்கு யாருப்பா சொன்னது? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

அவன் பாட்டைக் கழற்றினான். "இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? நீங்கதானே?"

"நானா?"

"காபி மெஷின் கிட்ட சார். அவங்க கட்டுரையோட புரூஃபைப் பாத்துட்டு, 'இவ்வளவு நல்லா இருக்கே, இதை யாருய்யா எழுதிக் குடுத்தது?'ன்னு கேட்டீங்க. நான்கூட விழுந்து விழுந்து சிரிச்சேனே!"

ஆதாரத்துக்கு நினைவு வந்தது. நகைச்சுவையாகச் சொன்னது. பாராட்டில் ஒரு சிட்டிகை எரிச்சல் கலந்திருந்தது. தன் கட்டுரையைவிட அது நன்றாக இருந்ததால் வந்த எரிச்சல். அந்தச் சிட்டிகை வடிவமைப்பாளரிடம் செய்தியாகி, நூலகரிடம் ரகசியமாகி, கணக்காளரிடம் கவலையாகி, 'ஆபீஸ்ல ஒரு பேச்சு' என்று திரும்பவும் அவர் காதுக்கே வந்து சேர்ந்தது. அவர் அதைப் பயபக்தியோடு பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போனார். அறிவிப்பாளர்களின் தரம் ஆய்ந்தவர், தன் சொல்லையே தான் அடையாளம் காணாமல், மூன்று பேர் வழியாக வந்ததை வைத்து வலுவான செய்தி என்று நம்பியிருக்கிறார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றான் வடிவமைக்கிறவன்.

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பல வருடங்களில் அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கக்கூடும்.

உதவியாசிரியையின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அச்சுப்படிகள் குவிந்திருந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. ஆதாரம் நின்றுகொண்டே ஆரம்பித்தார். முதலில் நாவின் ஆபத்து பற்றிப் பொதுவாக. பிறகு தவறு மனித இயல்பு என்பது பற்றி.

"சார், முன்னுரையை விட்டுருங்க" என்றாள் அவள். "பல்கலைக்கழகத்துல யார்கிட்டயோ என்னைப் பத்தி என்னமோ சொல்லியிருக்கீங்க. இன்டர்வியூவுக்கு வரும்போது என் கட்டுரைகளோட கைப்பட எழுதின குறிப்பு, பழைய பிரதி எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொண்டு வரச் சொல்றாங்க. மத்தவங்க யாரையும் கேக்கல. விசாரிச்சிட்டேன்."

ஆதாரம் சொன்னார். துறைத்தலைவரிடம் பேசியதைச் சொன்னார். காபி இயந்திரத்தடியில் கேட்டதையும் சொன்னார். ஒரு சலுகையிலும் ஏறாமல் நடந்தே போனதில் மூச்சு வாங்கியது. அவள் அச்சுப்படியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அந்தக் கட்டுரைக்கு ரெண்டு வருஷம் ஆச்சு சார் எனக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் சிரிச்சீங்களா? சரி. இப்பவே போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

துறைத்தலைவர் எடுத்தார். ஆதாரம் தொண்டையைச் செருமினார். "போன வாரம் நம்ம உரையாடல்ல ஒரு சின்னத் தகவல் பிசகு ஏற்பட்டுருச்சு..." உதவியாசிரியை மேசையை விரலால் தட்டினாள். "அதாவது, நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பேச்சைக் கிளப்பினதே நான்தான். கிண்டலுக்குச் சொன்னேன். அவங்க கட்டுரையை அவங்கதான் எழுதினாங்க. ஒவ்வொரு வரியும் என் கண்ணு முன்னால திருத்தினது."

"என்ன சார் நீங்க! உங்க வார்த்தைங்கறதால கமிட்டியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"எல்லார்கிட்டயும் திருப்பிச் சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லியே சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா இந்த மாதிரி முதல்ல போனது வேகமாப் போகும், பின்னால போறது நொண்டும். உங்களுக்குத் தெரியாததா?"

அழைப்பு முடிந்தது. ஆதாரம் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "அம்மா, இப்பவாவது..." என்றார்.

"நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா ஏரோப்ளேன் ஏறிடுவீங்க. நான் இங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போகணும். அது முடியட்டும்."

"எப்ப அது?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் வெள்ளிக்கிழமையே போறேனேம்மா!"

"அங்க போய் என்ன கேக்கணும்னு இப்பத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் அவள். அச்சுப்படியை இழுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆதாரம் புனித வளாகத்தில், கூட்டத்தின் தோள்களுக்கு நடுவே கையேந்தி நின்றார். கேட்பதற்கென்று அவர் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த வேண்டுதல்கள் ஏராளம்: இயக்குநர் பதவி, முழங்கால் வலி, புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு. ஒன்றும் வாயில் வரவில்லை. யா அல்லாஹ், அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்க வேண்டும். துறைத்தலைவருக்கு இன்று தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். கமிட்டியில் நான் சொன்னது மறந்து, திருப்பிச் சொன்னது நினைவிருக்க வேண்டும். பாதி அவளுக்காக, பாதி தன் தோலுக்காக. எது எவ்வளவு என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அழுகை உண்மையாக வந்தது. மாநாட்டுத் தொண்டையடைப்பைப் போல அழகாக இல்லை, மூக்கு ஒழுகியது.

பக்கத்தில் நின்ற மனைவி அசந்துபோனாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"என்னங்க, யாருக்காக இப்படி அழறீங்க?"

அந்த இடத்தில் பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. "ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்காக" என்றார்.

மனைவியின் கண்கள் குறுகின. அதற்குப் பிறகு ஒரு தூணடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. காபி இயந்திரம், துறைத்தலைவர், ஸ்பீக்கர் எதையும் விடவில்லை. யாரையும் குறை சொல்லாமல் அவர் சொல்லி முடித்த முதல் கதை அதுதான். அதில் குறை சொல்ல அவரைத் தவிர ஆளே இல்லை.

மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "பாவம், அந்தப் புள்ள இந்நேரம் இன்டர்வியூவுல உக்காந்திருக்கும். தள்ளி நில்லுங்க, நான் கேக்கறேன்" என்று கையேந்தினாள்.