துடைத்த திருநீறு

"பாறைகளில் எழுதுவதும், கீறுவதும், எதையாவது பூசுவதும் தடை." அமெரிக்கப் பாலைநிலத்துப் பூங்கா ஒன்றின் வாசலில் தந்த தாளில் இருந்த விதி இது. முப்பது வருடம் டென்மார்க்கில் கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்தில் விண்ணப்பங்களுக்குக் குறை கண்டுபிடித்தவன் நான். தாளை முழுவதும் வாசித்தேன். அத்தான் அதை மடித்து விசிறிக்கொண்டார். அவருடைய சட்டைப்பையில் பழைய பிலிம் சுருள் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் திருநீறு.

அத்தான் என் அக்காவின் கணவர். ஸ்கீவ நகரில் தொழிற்சாலை வேலை. டென்மார்க்கில் வானமலை என்று பெயர் வைத்த மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியில் நின்றுகொண்டே "மலை எங்கை?" என்று கேட்டவர் அவர். ஓய்வு பெற்றதும் உண்மையான மலை பார்க்க வேண்டும் என்றார். அக்காவுக்கு முழங்கால் வலி. அதனால் சாரதியாக நான் போனேன்.

ஐந்து நாள் காரில் ஓடினோம். சிவந்த பள்ளத்தாக்குகள், காற்று குடைந்த வளைவுகள், ஒற்றைக் காலில் நிற்கும் பாறைகள். மடியில் மிக்ஸர் பையோடு ஒவ்வொரு திருப்பத்திலும் அத்தான் கேட்பார்: "இதுக்கு ஆர் மச்சான் கட்டட அனுமதி குடுத்தது?"

கடைசி நாள், ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இடுப்பளவு உயரத்தில் உருண்டு நிமிர்ந்த கல்லொன்றைக் கண்டார். நான் போத்தலைத் திறந்து தண்ணீர் குடிப்பதற்குள் அதில் மூன்று திருநீற்றுக் குறி இழுத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்.

"சுயம்பு, மச்சான்!"

"அத்தான், பூசக் கூடாதெண்டு எழுதிக் கிடக்கு."

"மழை வந்தாக் கழுவுப்பட்டுப் போகும்."

"இஞ்ச எங்க மழை வாறது?"

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். மூன்று தரம். ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. அத்தான் தடுக்கவில்லை. டப்பாவை மூடிப் பையில் போட்டார். காரில் மிக்ஸர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் செத்தா என்ர சாம்பலை அந்தக் கல்லடியில கொண்டுவந்து போடு. அதையும் துடைச்சுப் போடுவியோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அவர் போய்ப் பத்து மாதமாகிறது. இங்கே டென்மார்க்கில் நம்மவர்களின் சாம்பல் வழக்கமாகக் கடலுக்குத்தான் போகும். அதற்குப் படிவம் உண்டு, எனக்கு மனப்பாடம். அத்தான் காரில் சொன்னதை என்னிடம் கேட்டறிந்திருந்த அக்கா அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டா. "தம்பி, அந்தாள் கல்லைக் கேட்டது. கடலைக் கேட்கேல்லை. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னனி, இதுக்கொரு வழி பார்."

பூங்காவுக்கு எழுதினேன். இடம், அளவு, நோக்கம் எல்லாம் முறைப்படி. கடைசிப் பந்தியில் மட்டும் முறை தவறி, திருநீற்றையும் கைக்குட்டையையும் பற்றி எழுதிவிட்டேன். யாரும் கேட்காத தகவலை விண்ணப்பத்தில் சேர்க்கக் கூடாது என்று மற்றவர்களுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மாதங்கள் போயின. முதலாண்டுத் திதியான ஆட்டத்திவசம் நெருங்க, அக்கா தொலைபேசியில் கேட்பதையும் விட்டுவிட்டா. அது கேட்பதைவிடக் கடினமாக இருந்தது.

இப்போது அந்த டப்பா என் மேசையில் இருக்கிறது, அக்கா தந்தது. மூடியைத் திறந்தால் அடியில் இன்னும் ஒரு சிட்டிகை ஒட்டிக்கிடக்கிறது. அதன் பக்கத்தில் பூங்காவின் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சாம்பலைத் தூவலாமாம். ஒரேயொரு நிபந்தனை: சுவடு எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த வேலையில் எனக்கு முன் அனுபவம் உண்டு. இந்த முறை கைக்குட்டை கொண்டுபோகப் போவதில்லை.

பதில் வந்தது பெப்ரவரி மூன்றாம் திகதி, சிவனுக்குரிய திங்கட்கிழமை.