மேலப்பாளையத்து மதியத் தூக்கம்

நேற்று மகளுக்காகச் சளி மருந்துப் புட்டியைத் திறந்தேன். அந்தச் சர்க்கரைப்பாகு வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நினைவில் ரஹ்மத் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன்.

உங்களுக்கு அந்த அக்காவைத் தெரியாது. மேலப்பாளையத்தில் தன் வீட்டிலேயே பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். ஒன்றரை வயதில் என் மகளை அங்கேதான் விட்டோம். அக்காவிடம் விட்டிருந்த, எல்கேஜி படிக்கிற வேறு இரண்டு பையன்களும் மதியத்துக்கு மேல் வந்துவிடுவார்கள். மாலையில் நான் போகும்போதெல்லாம் மகள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருப்பாள். ராத்திரியிலோ கொட்டக் கொட்ட விழித்திருந்து சிரிப்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்தில் வருவதையெல்லாம் நம்புகிற வியாதி எனக்கு உண்டு. பிள்ளைகளைச் சளி மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள் என்று கைபேசியில் எங்கோ படித்திருந்தேன். போதாக்குறைக்கு என் அம்மா, பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே என் தொட்டிலைக் காலால் ஆட்டியவள். என்னை யாரிடமும் விட்டதில்லை. சந்தேகம் நிஜமானால் பிள்ளையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் டவுண் துணிக்கடையில் அப்போதுதான் சேர்ந்திருந்த மனைவி வேலையை விட வேண்டும். அவளிடம் சொல்லாமல், தினமும் முத்தம் கொடுக்கிற சாக்கில் பிள்ளையின் வாயை முகர்ந்தேன்.

அக்கா கவனித்துவிட்டார். "ஏன் தம்பி, முத்தங் குடுக்கியளா, மோந்து பாக்கியளா?"

சிரித்து மழுப்பினேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, சொல்லாமல் நண்பகலில் போய் நின்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே இரண்டு பையன்கள். அக்காவின் தோளில் என் மகள், வாய் பிளந்த தூக்கம்.

"பள்ளியோடத்துல இருந்து இவனுவள கூட்டியாரணும்லா. இவள யார்ட்ட விட்டுட்டுப் போவ? ஆட்டோல ஏறுனா தூங்கிருதா, எறங்குனா முழிச்சிருதா. பெறவு இவனுவ தூங்கையில இவனுவ மூக்க நோண்டிக்கிட்டு இருக்கா. சாயங்காலந்தான் அசந்து போறா."

"ஏங்க்கா இத சொல்லல?"

"சொன்னா ஆட்டோல ஏத்தாதேன்னு சொல்லுவிய."

ஏற்றாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அலுவலகம் பக்கத்திலேயே இருந்ததால், மதிய இடைவேளையில் நான் வந்து பிள்ளையோடு இருப்பது, அந்த நேரத்தில் அக்கா பள்ளிக்குப் போய்வருவது என்று ஏற்பாடானது. அப்போதும் சந்தேகம் விடவில்லை. அவர் தலை மறைந்ததும் அடுக்களை அலமாரியில் இருந்த புட்டிகளைத் திறந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய், வினிகர், பன்னீர்.

சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமல்ல என்பது எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தபோது புரிந்தது.

"ஆளில்லாத வீட்ல ஒமக்கு என்ன வே சோலி?"

"பிள்ளைய தூங்க வைக்கேன் அண்ணாச்சி."

"யாரு பிள்ளைய?"

"எம் பிள்ளையத்தான்."

"ஒம்ம பிள்ளைய ஒம்ம வீட்ல தூங்கவைக்க வேண்டியதான வே?"

ஒருநாள் பிள்ளைக்குப் பக்கத்தில் நானும் கண்ணசந்துவிட்டேன். விழித்தபோது தலைக்கடியில் தலையணை இருந்தது. பக்கத்து அறையில் பையன்களை அக்கா அதட்டிக்கொண்டிருந்தார்: "பைய பேசுங்கலே, ரெண்டு பிள்ளை தூங்குது."

அக்கா இப்போது கணவரோடு துபாயில் இருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு; பகல் தூக்கம் அவளை விட்டுப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மட்டும் படுக்கிறேன். விரலால் என் இமையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

"நெசம்மா தூங்குதியாப்பா, நடிக்கியா?"