பல் போன இடத்துச் சத்தம்

பாலக்கரையில் ஒரு செல்போன் கடை மாடியில் அந்த அம்மாவின் ரெக்கார்டிங் ரூம் இருந்தது. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். பாட்டைக் கேட்கும்போது கண் குறுக்கே வரக்கூடாது என்று கம்ப்யூட்டர் திரையைத் துண்டால் மூடிவிடுவார்.

ஒரு திருவிழாப் பாட்டுக்காகப் போயிருந்தேன். லாரியிலிருந்து விழுந்ததில் எனக்கு முன்பல் இரண்டு இல்லை. ‘ச’ வரும் இடமெல்லாம் விசில் அடித்தது.

“வேற ஆளை வச்சுப் பாடிக்கலாம் மேடம்,” என்றார் பாட்டுக்குப் பணம் போட்டவர். அந்தப் பாட்டும் போனால் நான் மறுபடி மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

“பல்லுதானே சார் போச்சு, குரல் போகலையே. உக்காருங்க.”

விசிலை அமுக்கினால் கூடவே என் குரலும் அமுங்கியது. பிறகு அந்த அம்மா மல்டிபேண்ட் கம்ப்ரஸரைப் போட்டார். அது குரலைக் கீழ், நடு, மேல் என்று பிரித்து, துள்ளுகிற பகுதியை மட்டும், துள்ளும்போது மட்டும் அமுக்குமாம். டீ ஆறிப்போனது தெரியாமல், துண்டைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். கடைசியில் பணம் போட்டவரே தலையாட்டினார்.

“இன்னும் லேசா விசில் கேக்குதுங்களே,” என்றேன்.

“இருக்கட்டுங்க. சுத்தமா எடுத்துட்டா அது நீங்க இல்ல, வேற ஆள்.”

பிறகு பல் கட்டிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்துப் பக்கம் கச்சேரிக்குப் போனால் ஜனங்கள் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். அதைப் பாடும்போது மட்டும் பல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.