செட்டில் என்ற சொல்லும் சாச்சியின் காணியும்

அந்த வெளிநாட்டு அம்மா தன் முதல் கேள்வியைக் கேட்டபோது சாச்சி முற்றத்தில் பாயை விரித்து நெத்தலிக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கத்தால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஊருக்குத் திரும்ப நினைக்கின்றனவா, இங்கேயே இருந்துவிட நினைக்கின்றனவா என்று கேட்டறிய ஒரு தொண்டு நிறுவனம் வீடு வீடாக ஆட்களை அனுப்பியது. நான் அந்த அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய்க்கொண்டிருந்தேன். தில்லையடியில் என் உம்மாவின் தங்கையான சாச்சியின் வீட்டு முறை வந்தபோது, இவர்கள் என் சொந்தக்காரர் என்று முன்கூட்டியே சொன்னேன். அன்றைக்கு வேறு ஆள் இல்லை. பரவாயில்லை, கேட்பதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

அவர் கேட்டது, இங்கே செட்டில் ஆகிவிட்டீர்களா என்பதுதான்.

"இஞ்ச நிலையா இருக்கிறீங்களா எண்டு கேக்கிறாங்க சாச்சி" என்றேன்.

சாச்சி நிமிர்ந்து பார்த்தார். "இருக்கிறம் மகன். கண்ணுக்கு முன்னால தெரியுதுதானே."

மன்னாரில் இருந்த காணி விஷயம் செட்டில் ஆகிவிட்டதா என்பது இரண்டாவது கேள்வி. இதற்குச் சாச்சியின் கணவரான சாச்சா முந்திக்கொண்டார். "எங்க முடிஞ்ச? வன்னியில இருந்து வந்த ஆக்கள் அதில குந்தியிருக்கிறாங்க. எழும்பச் சொல்லிக் கந்தோருக்கு நடந்து நடந்து என்ட செருப்புத்தான் தேயுது." வேறு ஆட்கள் அந்தக் காணியில் செட்டில் ஆகியிருக்கிறார்கள், இவர் காணி அலுவலகத்துக்கு அலைகிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். அப்படியென்றால் அவர்கள் செட்டில் ஆனதால்தான் விஷயம் செட்டில் ஆகவில்லை, அப்படித்தானே என்று கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்களா என்ற அடுத்த கேள்வியை நான் தமிழாக்க வாயெடுப்பதற்குள் சாச்சி, "மூத்தவ குறிஞ்சிப்பிட்டியில கலியாணம் முடிச்சு செட்டில். இதுக்கு எனக்கு நீ தேவையில்ல மகன்" என்றார். முந்திய சிரிப்பு எதற்கு என்று பிறகு கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கருவாட்டின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒரே முற்றத்தில், ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள், ஒரு சொல் நான்கு வேலை பார்த்துவிட்டது. கடைசியைத் தவிர மற்ற மூன்றுக்கும் தமிழில் மூன்று வெவ்வேறு சொற்கள். தொழில் காரணமாக வந்த ஆர்வத்தில் அந்த வாரமே ஒரு தடித்த ஆங்கில அகராதியைப் புரட்டினேன். ஆதியில் அந்தச் சொல் உட்காரும் இடத்தின் பெயராக, ஒரு வாங்குப் பலகையின் பெயராக இருந்திருக்கிறது. அதிலிருந்து உட்காரவைப்பது, பறவை கிளையில் வந்து அமர்வது, கலங்கிய தண்ணீரில் மண்டி அடியில் படிவது, புதிதாகக் கட்டிய சுவர் தன் பாரத்தால் கொஞ்சம் கீழிறங்குவது என்று பொருள்கள் கிளைத்தன. மனிதர்கள் ஓரிடத்தில் வீடு கட்டி வாழ்வதும் அந்த வரிசையில்தான் வந்தது. வழக்கைத் தீர்ப்பது என்ற பொருளோ வேறொரு பழஞ்சொல்லின் வாசனை கொண்டது என்கிறார்கள். சமாதானம் செய்வதைக் குறித்த அந்தச் சொல் ஓசையில் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்திருந்ததால், இரண்டும் காலப்போக்கில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டனவாம். உட்காருவதும் சமாதானமாவதும் ஒரே உடையைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிகின்றன. இதில் எனக்குச் சங்கடமாகப் பட்டது இன்னொன்று. பிறத்தியாரின் நிலத்தில் போய்க் குடியேறியவனுக்கும், தன் நிலத்துக்குத் திரும்பி வந்து குடியேறுபவனுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். முன்னால் ரீ என்ற ஓரசையைக் கூட்டினால் ஒன்று மற்றதாகிவிடும். தமிழில் நாங்களும் மேலாகச் செய்துவிடவில்லை. குடியேற்றம் என்றால் இந்த நாட்டில் சண்டை. அதற்கு முன்னால் மீள் என்று போட்டால் நியாயம்.

சாச்சியின் காணி அவருடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது. காணி உறுதிப் பத்திரம் சாச்சியின் பெயரில்தான் இருந்தது. சாச்சா எத்தனை தடவை மன்னாருக்குப் போய் வந்தாலும், கந்தோரில் சாச்சி நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பார்கள். சாச்சி போகவில்லை. ஒரு தடவை இழுப்பு, ஒரு தடவை மகளின் பிள்ளைப்பேறு, ஒரு தடவை மழை. யுத்தம் முடிந்த புதிதில் ஒரேயொரு தடவை சாச்சாவுடன் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் ஊர் எப்படி என்று உம்மா கேட்டதற்கு, "அங்க என்னைய புத்தளத்து ராத்தா எண்டாங்க. இஞ்ச மன்னார் ராத்தா. எனக்கு ஒரு ஊரிலயும் பேர் இல்ல" என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தில்லையடி பழகிவிட்டது, பள்ளிவாசல் கிட்ட, ஆஸ்பத்திரி கிட்ட, இனி எங்கே போவார் என்று நாங்கள் எல்லாரும் முடிவுகட்டினோம். சாச்சாவும் அப்படித்தான் நினைத்தார். அதனால் வீட்டுக்குள் ஒரு புழுக்கம் இருந்துகொண்டே இருந்தது. சத்தம் போட்டுச் சண்டை கிடையாது. சாச்சா மன்னாருக்குப் புறப்படும் நாட்களில் இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கமாட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு பகற்பொழுதில் நான் சாச்சி வீட்டில் இருந்தபோது வேலிப் படலையில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு. கையில் ஒரு பை முருங்கைக்காய். மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்து, தில்லையடிச் சந்தியில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தார்.

"அக்கா, நான் உங்கட காணியில இருக்கிறனான்" என்றார். "இது உங்கட மரத்துக் காய்."

சாச்சா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். சாச்சி பையை வாங்கிக்கொண்டு, "உள்ளுக்கு வாங்க பிள்ள" என்றார்.

அவர் உள்ளே வரவில்லை. நின்றபடியே சொன்னார். கந்தோரில் கூப்பிட்டு, உறுதிக்காரர் வந்து கேட்ட அன்றைக்கே காணியை விட்டு எழும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கணவர் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். சொந்த ஊரில் வீடு இருந்த இடத்தில் இப்போது இராணுவ முகாம். மழை முடியும்வரை தவணை தந்தால் போதும், அதைக் கேட்கத்தான் வந்தேன் என்றார்.

சாச்சா குறுக்கிட்டார். "எங்களத் துரத்தேக்க மழை முடியட்டும் எண்டு ஒருத்தரும் பார்க்கல்ல. ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க. உங்கட ஆக்கள்தான்."

"ஓம் அண்ணன்" என்றார் அந்தப் பெண். "அது பிழை. பெரிய பிழை." தான் அப்போது எங்கே இருந்தேன், என்ன வயது என்றெல்லாம் சொல்லித் தப்பப் பார்க்கவில்லை.

சாச்சி அவரை விட்டுவிட்டுச் சாச்சாவைப் பார்த்தார். சாச்சியை நான் அப்படிக் கதைக்கக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"அண்டைக்குப் போனப்ப இவ உம்மாட கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டா. நீங்க காணியப் பார்த்தீங்க, நான் இவவப் பார்த்தன். என்னையக் கண்டதும் வாளியக் கீழ வச்சிட்டா, களவெடுத்து ஆப்பிட்ட மாதிரி. எனக்கு அந்த நிலை தெரியும். இந்த வீடு நிக்கிறது ஆர்ர காணி? ஹாஜியார் ரெண்டு கிழமைக்கு எண்டு தன்ட தென்னங்காணியில இருக்க விட்டார். அவர் மவுத்தாகி எத்தின வரிசம். அவர்ர பிள்ளையள் ஒருநாள் வந்து எழும்பு எண்டு சொன்னவங்களா? இவவுக்கு எழும்பு எண்டு சொல்ற வாய் எனக்கு இல்ல. அதுக்குத்தான் நான் அங்க வராம இருந்த."

சாச்சா தொப்பியை எடுத்துக்கொண்டு லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார். தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் அவர் வரவில்லை. அந்தப் பெண் புறப்படத் திரும்பியபோது சாச்சி விடவில்லை. சோறு போட்டார். இரண்டு பெண்களும் குசினி வாசலில் இருந்து, முருங்கைக்காயை எதற்குள் போட்டால் ருசி என்று கதைத்தார்கள். காணியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால் நான் சும்மா இருந்தேன்.

அந்தக் காணி இன்று அந்தப் பெண்ணுக்குப் பாதி, சாச்சிக்குப் பாதி என்று இரண்டு வளவாக இருக்கிறது. கிணறு நடுவில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக. சாச்சியின் பங்கில் இரண்டறை வீடொன்று எழுந்திருக்கிறது. இருவரும் வருடத்தில் பாதியை அங்கேயும் பாதியைத் தில்லையடியிலும் கழிக்கிறார்கள். சாச்சா இப்போதும் பாதிக் காணி போனதே என்று முணுமுணுப்பார். அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயத்துக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதால் அந்த முணுமுணுப்பை நான் குறைசொல்லமாட்டேன். அந்த வெளிநாட்டு அம்மாவின் கணக்கில் சாச்சியின் குடும்பம் திரும்பியவர்களில் சேர்ந்ததா, தங்கியவர்களில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு முற்றத்தில் சாச்சி ஏன் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அன்றைக்குச் சாச்சா பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் பெண் படலையில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். சாச்சா அவரைக் கடந்து உள்ளே வந்தார். சாச்சியிடம், "அப்ப கந்தோருக்கு நீ வரவேணும். பாதி இவவுக்கு எண்டு உன்ட வாயாலதான் சொல்லவேணும்" என்றார். "வாறன்" என்றார் சாச்சி. பிறகு சாச்சா திரும்பி, படலை வரை நடந்து போனார்.

"பிள்ளையள் எத்தின?"

"மூண்டு, அண்ணன்."

சாச்சா அவருக்காகப் படலையைத் திறந்துவிட்டார்.

"அந்தக் கிணத்துக்குக் கட்டு இல்ல" என்றார். "சின்னதுகள் கவனம்."